இருபது கட்டம் முன்னால்

என்னிடம் ஒரு பல்பொடி டப்பா இருக்கிறது. மூடி துருவேறி இறுகிப்போய், கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால்தான் திறக்கும். உள்ளே ஐந்து கட்டம் பிலிம். ஒரு விரல் நீளம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஐந்திலும் ஒரே பெண்ணின் முகம். பொட்டு வைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பல்பு. முதல் கட்டத்தில் உதடு ஒட்டியிருக்கிறது. அடுத்ததில் மயிரிழை அளவு பிரிகிறது. ஐந்தாவதில் கீழ்ப்பல் தெரிகிறது. அதோடு சரி. அவள் மனுஷி இல்லை, யந்திரம். அந்தப் படத்தில் ஒருத்தன் அவளைக் காதலித்தான். அவள் வாய் திறந்து சொன்ன ஒரு சொல்லை நான் வெட்டினேன். அதனால் என் வீட்டில் நடந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்தது ஐந்தாவது. இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் ரீல் பெட்டியில் ஒட்டுகிற சீட்டுதான்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். திருவாரூரில் நர்ஸ். மத்தியானம் சாப்பிட்டதும் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஒரு படம் போட்டாள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசியது. ஆளில்லாத மலையில் ஒரு ரயில் நிலையம். அங்கே ஒரு பெண் தனியாக வேலை பார்க்கிறாள். வண்டி வருவதை அறிவிக்கிற யந்திரம் ஒருநாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பிறகு தினமும் பேசுகிறது. அவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போய் அந்த ஒலிபெருக்கியின் அடியில் உட்காருகிறாள். அதற்கு முகம் கிடையாது. குரல் மட்டும்தான். “மெஷின எப்படிப்பா லவ் பண்ணுவாங்க? அது பேசறதெல்லாம் இவளுக்குப் புடிக்கணும்னு செஞ்சு வச்சதுதானே?” என்றாள் மகள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். “என்னப்பா, படம் புடிக்கலையா?” என்று கேட்டாள். கால் மரத்துப்போச்சு என்றேன். கால் மரக்கவில்லை.

கீழ்வேளூருக்குத் தெற்கே, ஊர்ப்பெயர் வேண்டாம், வயலுக்கு நடுவே ஒரு திடலில் கீற்றுக்கொட்டகை இருந்தது. டூரிங் டாக்கீஸ். அதில் நான் ஆபரேட்டர். ஒரே மெஷின்தான். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்டுகிற வரைக்கும் ஜனம் முறுக்கு தின்னும். திடலும் கொட்டகையும் பண்ணையாருடையவை. சுற்றியிருந்த நிலத்தில் முக்காலே மூணுவீசம் அவருடையது. நான் குடியிருந்த மனையும் அவருடையது. என் அப்பா அவர் பண்ணையில் ஆளாக இருந்தவர். நானும் ஏர் பிடித்திருக்க வேண்டியவன். மெஷின் கைவந்ததால் சேற்றிலிருந்து கேபினுக்கு ஏறிவிட்டேன். என் மனைவி ஏறவில்லை. அவள் அதே பண்ணைக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். நான் பேசுவது குறைவு. அவள் அதற்கு நேர்மாறு. அடுப்பு ஊதும்போது பேசுவாள், பாதிச் சோற்றில் பேசுவாள், பாயை உதறும்போது பேசுவாள். “நீங்க பேசாம வுட்டதயும் சேத்து நானே பேசிடறேன் மாமா, கணக்கு நேராப் போயிடும்” என்பாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் ‘ஆபரேட்டரய்யா’.

ஆட்சி மாறியிருந்த காலம். டீக்கடைக்கு டீக்கடை புதுக் கட்சியின் கொடி. எங்கள் தெருவில் செங்கொடி. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு நின்றார்கள். அரைப்படி என்பது பெரிய அளவில்லை. கேட்டதுதான் பெரிது. பண்ணையார் வெளியூர் ஆளை இறக்கப்போகிறார் என்று பேச்சு. மதகடியில் போலீஸ் வண்டி நின்றது. கூலி கேட்டவர்களை முன்பு கிழக்கே ஒரு ஊரில் குடிசையோடு கொளுத்தியது எல்லார் மனத்திலும் இருந்தது, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் பத்து நாள் போனால் நெல் வயலிலேயே உதிரும். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படத்தின் பெட்டி வந்து இறங்கியது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மில் முதலாளியின் மகன், என்ஜினியர். அப்பா காட்டுகிற பெண் எதுவும் அவனுக்குப் பிடிப்பதில்லை. ஒருத்தி உரக்கச் சிரிக்கிறாள். ஒருத்தி எதிர்க்கேள்வி கேட்கிறாள். அவன் பங்களாவின் கீழறையில் கம்பியும் பல்பும் வைத்துத் தானே ஒருத்தியைச் செய்கிறான். பேச்சும் அவனே சொல்லிக்கொடுக்கிறான். முதலில் சொல்லிக்கொடுப்பது “சரி அத்தான்”. சாப்பாடு போடு என்றால் சரி அத்தான். பாடு என்றால் சரி அத்தான். சொல்லும்போது நெற்றிப் பல்பு ஒருதரம் மினுங்கும். அவனுக்குக் காதல் வந்துவிடுகிறது. தோட்டத்தில் மூன்று பாட்டு. அவளுக்கும் ஏதோ உண்டாகிறது என்று காட்டினார்கள். அவன் தூங்கும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அது அவன் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசிக்குச் சற்று முன்னால் அப்பா வேறு பெண்ணோடு கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார். மகன் பயந்துபோய் அவளிடம், “நீ பெட்டிக்குள்ளே போய்ப் படுத்துக்கொள், கல்யாணம் முடிந்ததும் எடுக்கிறேன்” என்கிறான். பல்பு மினுங்கவில்லை. “மாட்டேன்” என்கிறாள். அத்தான் இல்லை. வெறும் மாட்டேன். அவளாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். அதற்கப்புறம் மழை, மின்னல். இடி விழுந்து எரிந்துபோகிறாள். மாட்டேன் என்று சொன்ன ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளை எரித்தார்கள்.

முதல் நாள் பெண்கள் பக்கம் தரை டிக்கெட்டில் என் மனைவியும் தெருப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்கெல்லாம் கேலிதான். “ஏண்டி, இவளுக்குக் கூலி உண்டா, இல்ல வெறும் எண்ணெதானா?” என்று ஒருத்தி. “நமக்கு மட்டும் என்ன, பல்புதான் இல்ல” என்று இன்னொருத்தி. அந்த மாட்டேன் வந்ததும் கேலி நின்றுவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது வரப்பில் என் மனைவி சொன்னாள்: “அவன் காதலிச்சதெல்லாம் சரிங்கற வாயத்தான் மாமா. மாட்டேன்னு சொன்னாளே, அப்பறம்தான் அங்க ஒருத்தி இருக்கான்னே அவனுக்குத் தெரியுது. தெரிஞ்சதும் முழிக்கிறான் பாருங்க.” நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை காரியக்காரர், அதாவது பண்ணையின் வேலையைப் பார்க்கிறவர், தெருமுனையில் வந்து நின்றார். “அரிவாள எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கடி. வெயில் ஏறுது.” என் மனைவி வாசலுக்கு வந்தாள். இரண்டு கையையும் தொங்கவிட்டாள். கண் இமைக்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், “மாட்டேன் அத்தான்” என்றாள். அடுத்த வாசலில் ஒருத்தி. அதற்கடுத்த வாசலில் ஒருத்தி. தெரு முழுக்க விறைத்து நின்றுகொண்டு மாட்டேன் அத்தான், மாட்டேன் அத்தான். “யாருடி ஒங்களுக்கு அத்தான்?” என்று கத்தினார் அவர். “நீங்கதான் காரியக்காரர் அத்தான். இங்க பல்பு ஃபீசு. வேற எடம் பாருங்க” என்றாள் என் மனைவி. துணைக்கு வந்த தலையாரி வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அத்தனை நாள் கெஞ்சியும் மிரட்டியும் பேசிய காரியக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பண்ணையார் கேபின் பக்கம் வந்ததே இல்லை. அன்று பதினொரு மணிக்கு வந்தார். வெளியே நின்றபடியே பேசினார். சத்தம் போடவில்லை. “அந்த எடத்த வெட்டிடு. அவ மாட்டேங்கறதும் வேணாம், எறங்கிப் போறதும் வேணாம். எப்படியும் இடி விழுந்துதானே சாவுறா, அது போதும்.” பிறகு சொன்னார்: “அங்க முன்னால நின்னு ஆடுனவ ஒம் பொண்டாட்டியாமே. மனையில இருக்கப் போறியா, எறங்கப் போறியா?” நான் “சரிங்கய்யா” என்றேன். இதை எழுதும்போது அந்தச் சரி எவ்வளவு வேகமாக வந்தது என்பது நினைவுக்கு வருகிறது. என் நெற்றியில் பல்பு இருந்திருந்தால் மினுங்கியிருக்கும்.

பண்ணையார் போனதும் அந்த ரீலை எடுத்து மேசையில் விரித்தேன். அவள் வாய் திறக்கிற கட்டத்தைத் தேடிப் பிடித்துக் கத்தரிக்கோலை வைத்தேன். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. என் மனைவி, கையில் சோற்றுத்தூக்கோடு. “என்ன மாமா வெட்டுறீங்க?” என்றாள். பிறகு குனிந்து பிலிமைப் பார்த்தாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் மனையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சாப்பாட்ட வச்சிட்டுப் போ” என்றேன். அவள் நிமிர்ந்தாள். கையைத் தொங்கவிட்டாள். “சரி அத்தான்” என்றாள். தூக்கை வைத்துவிட்டுப் போனாள். நான் வெட்டினேன். இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டி ரீலைச் சுற்றிப் பெட்டியில் போட்டேன்.

அன்று சாயங்காலம் காட்சி இல்லை. கூட்டம் கூடக் கூடாது என்று தடை வந்துவிட்டது. மூன்று நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று நாளும் நான் வீட்டில் இருந்தேன். தண்ணி கொண்டா என்றேன். சரி அத்தான். தலைக்கு எண்ணெய் எடு. சரி அத்தான். சோறு அளவாக வந்தது, குழம்பு சூடாக வந்தது, வெற்றிலை நரம்பு கிள்ளி வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் யாரும் யாரையும் அத்தான் என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் வீட்டுக்குள் பித்தளை மாதிரி கிடந்து ஒலித்தது. படத்தில் அவன் இதைக் கேட்டுத்தான் மூன்று பாட்டுப் பாடினான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். இரண்டாம் நாள் மத்தியானம் தாங்காமல், “என்னத் திட்டித் தொலையேண்டி” என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி அத்தான். என்னன்னு திட்டணும்?” என்றாள்.

மூன்றாம் நாள் அவள் தன் இரண்டு புடவையையும் மடித்துத் துணிப்பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. அவளுடைய அண்ணன் வீடு ஒரத்தநாட்டுப் பக்கம். கிளம்பினால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படித்தான்.

நான்காம் நாள் தடை விலகியது. ஊர் அடங்கிவிட்டது என்று காட்ட வேண்டும் போல, அன்றே கொட்டகையைத் திறக்கச் சொன்னார் பண்ணையார். முதல் ஆட்டத்துக்கு அவரே வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் காரியக்காரர். பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. என் மனைவி நடுவில் இருந்தாள். மடியில் அந்தத் துணிப்பை. படத்துக்கு அதை எதற்குக் கொண்டு வர வேண்டும்? வெட்டியிருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள் என்று புரிந்தது. கேபின் ஓட்டை வழியாக அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்கவில்லை.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மெஷினில் பிலிம் மேலிருந்து கீழே ஓடும். முதலில் விளக்குக்கு முன்னால் வரும், அங்கேதான் முகம் திரையில் விழும். அதற்குக் கொஞ்சம் கீழேதான் குரலை எடுக்கிற இடம். அதனால் ஒரு முகத்துக்கு உரிய குரலை அந்த முகத்தின் ஓரத்தில் அச்சடிக்க மாட்டார்கள். இருபது கட்டம் முன்னாலேயே அடித்திருப்பார்கள். முகத்தைப் பார்த்து வெட்டினால் முகம்தான் போகும். குரல் முந்தின துண்டிலேயே தங்கிவிடும். தொழில் தெரிந்தவன் முகத்துக்கு இருபது கட்டம் முன்னாலேயே கத்தரிக்கோல் வைப்பான். தொழில் கற்ற முதல் மாதமே எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக அப்படித்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“பெட்டிக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்” என்றான் கதாநாயகன். அவள் முகம் வந்தது. உதடு பிரியும் முன்னால் படம் தாவியது. அடுத்த காட்சி அப்பாக்காரனுடையது. சாய்வு நாற்காலி, கையில் காபி டம்ளர். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறான். அந்த முகத்தின் மேல், ஆள் இல்லாமல், கொட்டகை முழுக்க அவள் குரல் விழுந்தது. “மாட்டேன்.” ஒரு சொல்தான். ஒரு நொடிகூட இல்லை. முன்னால் அவள் மகனுக்குச் சொன்னது. இப்போது முதலாளிக்குச் சொன்னாள். முதலாளி டம்ளரைப் பிடித்தபடி விழித்தான். நாற்காலி வகுப்பில் பண்ணையாரும் அதே மாதிரி சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். தரை டிக்கெட்டில் முதலில் ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் எழுந்தது பாருங்கள், கீற்று பறந்துவிடும் போல இருந்தது. மண்ணை அள்ளி மேலே வீசினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து திரும்பி, மெஷின் வெளிச்சத்தில் கண் கூச, கேபின் ஓட்டையைப் பார்த்தாள். என் மனைவி. சிரித்துக்கொண்டிருந்தாள். பை கீழே கிடந்தது.

மறுநாள் காலை சாவியை ஒப்படைத்தேன். “நல்லா வெட்டுனடா” என்றார் பண்ணையார். அவ்வளவுதான் சொன்னார். மனையைவிட்டு இறங்க ஒரு வாரம் தந்தார். சாவி கொடுக்கும் முன்னால் வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டினேன். பெட்டியை முழுசாக அனுப்ப வேண்டும், அது முறை. ஒட்டும்போது பிளேடு வழுக்கி ஓரம் கிழிந்தது. ஐந்து கட்டத்தை நறுக்க வேண்டியதாயிற்று. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அரைப்படி படத்தால் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிக் கிடைத்தது. அறுப்பு தொடங்கியது. அவள் அரிவாள் எடுத்துப் போனாள், மிச்ச நாளெல்லாம் அறுத்தாள். பிறகு நாங்கள் ஒரத்தநாட்டுக்குப் போய்விட்டோம். அங்கே கொஞ்ச நாள் தியேட்டர், அப்புறம் ரைஸ்மில் மோட்டார். சாவி கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, ஆட்டம் முடிந்து வரப்பில் நடந்தபோதே மாமா திரும்பி வந்துவிட்டது. “சொல்லவே இல்லையே மாமா நீங்க. மூணு நாளும் மூச்சு வுடலையே. வெட்டற மாதிரி வெட்டி, அவரு மொகத்துலயே கொண்டுபோய் ஒட்டிட்டீங்களே” என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரப்பில் இரண்டு பேர் கைகோத்து நடக்க இடம் கிடையாது. ஒரு காலை வயலில் வைத்துத்தான் நடந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதை அவள் நாற்பது வருஷத்துக்கு மேல் சொன்னாள். அண்ணன் வீட்டில், ரைஸ்மில் களத்தில், மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம். “எங்க வூட்டுக்காரரு பேச மாட்டாரு. கத்தரிக்கோலாலதான் பேசுவாரு.” எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வெற்றிலை மடிப்பேன். அந்தக் கதையில் இருந்த ஆள்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம். மூன்று நாள் அந்தச் சரி அத்தானைத் தாங்கிக்கொண்டு, மனை போனாலும் போகட்டும் என்று, திட்டம் போட்டு வெட்டியவன். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவனுக்காகத்தான் அவள் மீன் தலையை எடுத்து வைத்தாள். அவனுக்காகத்தான் பையைப் பிரித்துப் புடவையைக் கொடியில் போட்டாள். கீழறையில் உட்கார்ந்து தனக்குப் பிடித்த மாதிரி ஒருத்தியைச் செய்தானே மில் முதலாளி மகன், அந்த வேலையை அவளும் செய்துவிட்டாளோ என்று சில சமயம் தோன்றும். அப்படியென்றால் அவன் செய்தவள் கடைசியில் மாட்டேன் என்றாள். நான் நாற்பது வருஷமாகச் சரி அத்தான் என்றே இருந்துவிட்டேன்.

ஆனால் என்னை உட்காரவிடாதது அந்தப் பொய் இல்லை. அந்த இருபது கட்டத்தை மறந்துதான் போனேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் மறக்காத கை. அவள் வாசலில் நின்று சரி அத்தான் என்று சொல்லிப் போன அந்த நிமிஷத்தில் கண் இருட்டியதா, இல்லை கை வேண்டுமென்றே நின்ற இடத்தில் நின்றதா? அப்புறம் மூன்று நாள் இருந்தது. கேபின் சாவி என் இடுப்பில் இருந்தது. போய்ப் பத்து நிமிஷத்தில் சரிசெய்திருக்கலாம். ஒருதரமாவது நினைவு வந்திருக்காதா? வந்து, நானே அதை அமுக்கிவிட்டேனா? யந்திரப் பெண் அவன் தூங்கும்போது நின்று பார்த்தாளே, அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காதது. எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வர மாட்டாள் என்று மகள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஒரு சாயங்காலம், மகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, என் பக்கம் திரும்பினாள். மூச்சு இழுத்து இழுத்துப் பேசினாள். “மாமா. இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னிக்கி வேணும்னுதான் வச்சீங்களா? இல்ல, கைமறதியா?” நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சந்தேகத்தை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. நீ சொல்லிவந்ததுதான் என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்யாக இருக்கலாம். “சொல்லுங்க மாமா.” “மாட்டேன்” என்றேன். அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஆபரேட்டரய்யா” என்று மட்டும் சொன்னாள். அது கோபத்தில் கூப்பிடுகிற பெயர். அன்று கோபம் இல்லை. என்ன புரிந்துகொண்டாள் என்று கேட்க நான்கு நாள் இருந்தது. கேட்கவில்லை.

மகள் ஊருக்குப் போனபிறகு டப்பாவை நெம்பித் திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஐந்து கட்டத்தைப் பிடித்துப் பார்த்தேன். வாய் திறக்கிறது. ஓரத்தில் குரலுக்கான கோடு ஓடுகிறது. பேச்சு இருக்கிற இடத்தில் அது பல் பல்லாக இருக்கும். இதில் நேராக இருக்கிறது. அது இந்த முகத்துக்கு உரிய கோடு இல்லை, இருபது கட்டம் தள்ளி வருகிற முகத்துக்கு உரியது. அவள் சொல்லி முடித்தபிறகு அறையில் இருந்த அமைதி அது. முகம் சொல்லப்போகிறது. ஓரத்தில் சொல்லி முடித்தாயிற்று. அந்தச் சொல் இந்தத் துண்டில் இல்லை. மூடியைப் போட்டு அழுத்தினேன். வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன்.